ஹண்டி பேரின்பநாயகமும் ஒரு வாக்கும் விழாத தேர்தலும்

யாழ்ப்பாணத்தில் தேர்தல் பகிஷ்கரிப்பு என்றதும் எம்மில் பலருக்கு 2005ஆம் ஆண்டுதான் நினைவுக்கு வரும். அதற்கு 74 வருடங்களுக்கு முன்னரே குடாநாட்டில் ஒரு வாக்குப் பெட்டியும் திறக்கப்படாத தேர்தல் ஒன்று நடந்தது. அதன் பின்னால் நின்றவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர்.

ஹண்டி பேரின்பநாயகம் 1899இல் மானிப்பாயில் பிறந்தவர். வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் படித்து, அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். 1924இல் அவரும் நண்பர்களும் தொடங்கிய மாணவர் காங்கிரஸ்தான் பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் ஆனது. சாதி, சமய பேதம் பாராமல் இளைஞர்களைச் சேர்த்த இயக்கம் அது. பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக இருந்து படிக்கவும் ஒன்றாகச் சாப்பிடவும் வேண்டும் என்று அது வாதாடியது. அன்றைய யாழ்ப்பாணத்தில் இது சின்ன விடயமல்ல. 1927 நவம்பரில் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்து வந்ததும் இவர்களே.

டொனமூர் அரசியலமைப்பு 1931இல் வந்தது. அதற்கு முன் சனத்தொகையில் சுமார் 4 வீதத்தினருக்கே வாக்குரிமை இருந்தது. இப்போது 21 வயது நிரம்பிய ஆண், பெண் எல்லாருக்கும் கிடைத்தது. ஆனால் தேசாதிபதியின் மேலதிகாரமும், முக்கிய துறைகளில் பிரித்தானிய அதிகாரிகளின் பிடியும் அப்படியே இருந்தன. வாலிபர் காங்கிரஸ் கேட்டது பூரண சுயராச்சியம். 1931 ஏப்ரலில் கமலாதேவி சட்டோபாத்யாய தலைமையில் கூடிய மாநாடு பகிஷ்கரிப்புக்குத் தீர்மானித்தது. வேட்புமனு நாளில் யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவர்கூட மனுக் கொடுக்கவில்லை. ஆசிரியர்களும் மாணவர்களும் நடத்திய ஓர் இயக்கத்துக்கு இது பெரிய வெற்றி.

தெற்கும் கூடவே வரும் என்று எதிர்பார்த்தார்கள். தெற்கு வரவில்லை.

கணக்கு எழுதிப் பிழைக்கும் எமக்கு இவ்விடத்தில் ஐந்தொகை பார்க்காமல் இருக்க முடியாது. அரசாங்க சபையில் தெரிவாக வேண்டிய ஆசனங்கள் 50. அதில் 4, அதாவது 8 வீதம், வெறுமையாகிவிட்டது. சபை உறுப்பினர்கள் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்தே கல்வி, சுகாதாரம், விவசாயம் போன்றவற்றைக் கவனித்தார்கள். அந்த மேசைகளில் குடாநாட்டின் பிரதிநிதிகளுக்கான இடம் வெறுமையாகவே இருந்தது. 1934இல்தான் இடைத்தேர்தல் நடந்து நான்கு ஆசனங்களும் நிரம்பின. மூன்று வருடங்கள் போய்விட்டன.

இன்னொரு பற்றும் உண்டு. முதன்முதலாக வாக்குரிமை பெற்ற எங்கள் பெண்களும், ஒடுக்கப்பட்ட சாதி மக்களும் அந்த முதல் வாக்கைப் போடவில்லை. சமத்துவத்துக்காக உழைத்த இயக்கத்தின் தீர்மானமே அவர்களைக் காத்திருக்க வைத்தது. வரவுப் பக்கத்திலும் எழுத இருக்கிறது. அந்தப் பகிஷ்கரிப்பு இனத்துக்காகக் கேட்டதல்ல, முழு இலங்கையின் விடுதலைக்காகக் கேட்டது. கூட்டம் போட்டு, விவாதித்து, வெளிப்படையாக எடுத்த முடிவு அது.

பின்னர் ஐம்பதுக்கு ஐம்பது கோரிக்கை யாழ்ப்பாணத்தைப் பிடித்துக்கொண்டபோதும் பேரின்பநாயகம் அதன் பக்கம் சாயவில்லை. 1947 பாராளுமன்றத் தேர்தலில் வட்டுக்கோட்டையில் தாமே வேட்பாளராக நின்று தோற்றார். பகிஷ்கரிப்புக்கு ஊரைத் திரட்ட முடிந்தவருக்கு வாக்குக் கேட்டபோது அதே ஊர் கைகொடுக்கவில்லை. அவர் பள்ளிக்கூடத்துக்கே திரும்பினார். 1949 முதல் 1960 வரை கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்து அதை வளர்த்தார். 1977இல் காலமானார்.

2005க்கு வருவோம். ஜனாதிபதித் தேர்தலில் யாழ் மாவட்டத்தில் பதிவாகியிருந்தவர்கள் 7 இலட்சத்துக்கு மேல். வாக்களித்தவர்கள் சுமார் 1.2 வீதம். நாடு முழுவதும் வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையிலான வித்தியாசம் 180,786 வாக்குகள். எங்கள் சனம் தாமாக ஒதுங்கியது எவ்வளவு, ஒதுக்கப்பட்டது எவ்வளவு என்பது எங்கள் வீடுகளில் இன்னும் முடியாத வாதம். இரண்டு பகிஷ்கரிப்புகளையும் ஒரே தராசில் போட முடியாது. ஆனால் இரண்டிலும் வெறுமையாக விட்ட இடத்தை மற்றவர்களே நிரப்பினார்கள்.

இன்று நாம் வாழும் நாடுகளில் குடியுரிமை இருக்கிறது, வாக்கும் இருக்கிறது. நகரசபைத் தேர்தல் வந்தால் வேலை, களைப்பு, எங்களுக்கு ஏன் இந்தச் சோலி என்று இருந்துவிடுகிறோம். பேரின்பநாயகமும் தோழர்களும் வாக்கை விட்டது களைப்பினால் அல்ல. ஏன் விடுகிறோம் என்று அவர்கள் ஊர் ஊராகச் சொன்னார்கள். தேர்தலன்று வீட்டிலிருக்கப் போகிறவர்கள் பிள்ளைகளிடம் காரணத்தையாவது சொல்ல வேண்டும். சொல்லக் காரணம் இல்லையென்றால் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாக்குச்சாவடிக்குப் போய் வரலாம்.