பாதியில் கரண்ட் போனாலும் பணம் தொலையாதது எப்படி? யார் இந்த ஜிம் கிரே?

நண்பருக்கு 500 ரூபாய் அனுப்புறீங்க. உங்க கணக்கில் கழிந்துவிட்டது. அவர் கணக்கில் ஏறுவதற்குள் கம்ப்யூட்டர் நின்றுவிட்டால்? பணம் அந்தரத்தில் தொங்காமல் இருக்க வழி வகுத்தவர்களில் முக்கியமானவர் ஜிம் கிரே.

1944-ல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். பெர்க்லியில் படித்து, 1969-ல் கணினி அறிவியலில் டாக்டர் பட்டம் பெற்றார். 1970-களில் ஐபிஎம் நிறுவனத்தின் 'சிஸ்டம் ஆர்' டேட்டாபேஸ் குழுவில் சேர்ந்தார்.

அங்கே அவர் செதுக்கிய 'டிரான்சாக்‌ஷன்' விதி ரொம்ப சிம்பிள். ஒரு வேலை முடிந்தால் முழுசா முடியணும். இல்லைன்னா தொடங்கவே இல்லாத மாதிரி பழைய நிலைக்குத் திரும்பணும். நடுவில் இன்னொருவர் கை வைக்காதபடி அந்தத் தகவலுக்குப் பூட்டும் விழும்.

கடையின் பில்லிங் சாஃப்ட்வேரும் இதைத்தான் நம்பியிருக்கு. டிரான்சாக்‌ஷனைத் திறந்துவிட்டு ஊழியர் டீ குடிக்கப் போனால் பூட்டு விடாது. பக்கத்து கவுன்டர் காத்துக் கிடக்கும். அதனால்தான், திரையில் பில் எவ்வளவு நேரம் இருந்தாலும், 'சேவ்' அழுத்தும்போது மட்டும் டிரான்சாக்‌ஷனைத் தொடங்கி உடனே முடிப்பது நல்லது.

1998-ல் கணினித் துறையின் உயரிய டியூரிங் விருது கிரேவுக்குக் கிடைத்தது.

2007 ஜனவரி 28. தாயின் அஸ்தியைக் கடலில் கரைக்க, ஃபாரலோன் தீவுகளை நோக்கித் தனியாகப் படகில் போனார். திரும்பவில்லை. கடலோரக் காவல்படை தேடியது. செயற்கைக்கோள் படங்களில் தன்னார்வலர்கள் தேடினர். படகுகூட கிடைக்கவில்லை. 2012-ல்தான் அவர் இறந்ததாக நீதிமன்றம் அறிவித்தது.

அவர் வகுத்த விதி மட்டும், ஒவ்வொரு பணப் பரிமாற்றத்திலும் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது.