எம்பெருமானார் காட்டிய அன்பும் விடுதலையும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

சங்கரநயினார்கோவில் என்று முன்னோர் வழங்கிய இத்தலத்திற்குத் திருவிழாக் காலங்களில் நாலா திசைகளிலிருந்தும் யாத்ரிகர்கள் வந்து கூடுகின்றனர். வடக்கேயிருந்து வருவோர் பலர் ஆண்டாள் அவதரித்த ஸ்ரீவில்லிபுத்தூரைச் சேவித்து வருகின்றனர். இங்கிருந்து தெற்கே செல்வோர் தாமிரபரணிக் கரையிலுள்ள நவதிருப்பதிகளையும் திருக்குறுங்குடியையும் சேவித்துத் திரும்புகின்றனர். ஏறக்குறைய ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்னர் இந்தப் பாண்டி நாட்டுத் திருப்பதிகளைக் காவியுடையும் முக்கோலும் தரித்த மகான் ஒருவர் சீடர் குழாத்துடன் கால்நடையாகச் சேவித்துச் சென்றார். அவரே எம்பெருமானார், உடையவர், யதிராஜர் என்றெல்லாம் போற்றப்பெறும் ஸ்ரீ ராமாநுஜர்.

மனிதன் எதனிடத்தில் அன்பு வைக்கவேண்டும், அவன் செயலில் அவனுக்குச் சுதந்திரம் உண்டா, சமூகத்தில் ஒருவரோடொருவர் எவ்வாறு வாழவேண்டும் என்னும் கேள்விகள் எக்காலத்திலும் எழுவன. இவற்றுக்கு அம்மகான் நூலிலும் விடை அளித்தார். வாழ்ந்தும் விடை அளித்தார்.

தொண்டை நாட்டு ஸ்ரீபெரும்பூதூரில் ஆஸுரி கேசவ ஸோமயாஜியாருக்கும் காந்திமதி அம்மையாருக்கும் 1017ஆம் ஆண்டு, பிங்கள வருஷம் சித்திரைத் திருவாதிரையில் அவர் திருவவதாரம் செய்தார். தாய்மாமனான பெரிய திருமலை நம்பி குழந்தைக்கு இளையாழ்வார் என்று திருநாமம் சாற்றினார். உரிய பருவத்தில் காஞ்சிக்கருகே திருப்புட்குழியில் யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் வாசித்தார். ஆசிரியர் கூறிய பொருள்கள் பரம்பொருளின் திருக்குணங்களுக்குக் குறை விளைப்பனவாகத் தோன்றியபோது மாணாக்கர் கண்ணீர் உகுத்தார். பணிவோடு மறுத்தும் உரைத்தார். இதனால் மூண்ட பகை, காசி யாத்திரையில் அவரைக் கொல்லச் சூழும் அளவுக்கு முற்றியது. சிற்றன்னையின் புதல்வரான கோவிந்தர் குறிப்பாக உணர்த்த, இளையாழ்வார் தப்பினார். பிற்காலத்தில் அந்த யாதவப்பிரகாசரே வந்து அடிபணிந்தபோது பழம்பகை பாராட்டாமல் அவரைச் சீடராக ஏற்றுக்கொண்டார்.

காஞ்சியில் பேரருளாளனுக்கு ஆலவட்டக் கைங்கரியம் செய்துவந்தவர் திருக்கச்சி நம்பி. அவர் பிராம்மண குலத்தவர் அல்லர். ஆயினும் இளையாழ்வார் அவரையே தமக்கு வழிகாட்டியாகக் கருதி, அவர் அமுது செய்த சேஷத்தை உண்ண விரும்பித் தம் இல்லத்துக்கு அழைத்தார். நம்பியோ இளையாழ்வார் வெளியே சென்றிருந்த வேளையில் வந்து, அமுது செய்து, கைங்கரியத்துக்கு நேரமாயிற்றென்று திரும்பிவிட்டார். மனைவியார் தஞ்சமாம்பாள் மிகுந்ததைப் பிறருக்கு அளித்து, இடத்தைச் சுத்தி செய்து, நீராடிப் புதிதாகச் சமையல் செய்தார். குலத்தைப் பார்த்து அடியாரை அளந்த இச்செயல் இளையாழ்வாரின் நெஞ்சைப் புண்படுத்தியது. பின்னர், ஆசாரியரான பெரிய நம்பியின் தேவியாரோடு கிணற்றடியில் நேர்ந்த பூசலால் பெரிய நம்பியே காஞ்சியை விட்டு அகல நேர்ந்தது. அப்போது இளையாழ்வார் இல்லறம் துறந்து துறவறம் பூண்டார். நாளடைவில் திருவரங்கத்துக்கு எழுந்தருளி ஆளவந்தாருக்குப் பின் ஸம்பிரதாயத்தின் தலைமையை ஏற்றார்.

திருக்கோட்டியூர் வரலாற்றை அறியாத அடியார் இல்லை. மந்திரப் பொருளைப் பெறும்பொருட்டுத் திருவரங்கத்திலிருந்து பதினெட்டு முறை அவர் அவ்வூருக்கு நடந்தார். தகுதி அறியாமல் பிறருக்கு உரைத்தல் ஆகாது என்றும், உரைத்தால் நரகமே கிட்டும் என்றும் எச்சரித்துத் திருக்கோட்டியூர் நம்பி அப்பொருளை உபதேசித்தார். மறுநாளே ராமாநுஜர் கோயிலில் கூடியவர்களை அழைத்து அதனை வெளியிட்டார் என்று குருபரம்பரை வரலாறு கூறும். நம்பி வெகுண்டு வினவியபோது அவர் தாம் செய்ததை மறைக்கவில்லை. ஆசாரியரின் ஆணை தமக்குப் புரியவில்லை என்று சாக்குச் சொல்லவும் இல்லை. கட்டளையை மீறியதற்குரிய நரகம் தமக்கே சேரட்டும் என்றும், கேட்டவர்கள் ஆசாரியரின் திருவடி ஸம்பந்தத்தால் உய்ந்து போகட்டும் என்றும் விண்ணப்பித்தார். நம்பி நெகிழ்ந்து தழுவி, எம்பெருமானார் என்னும் திருநாமத்தைச் சூட்டினார்.

இந்நிகழ்ச்சியில் கருணை மட்டும் அன்று, அவர் மதித்த சுதந்திரமும் விளங்குகின்றது. ஒரு செயலைத் தெரிந்தெடுப்பவன் அதன் பலனையும் தானே தாங்கவேண்டும். இதனையே பிற்காலத்தில் ஸ்ரீபாஷ்யத்தில் தர்க்க முறையில் நிலைநாட்டினார். ஜீவன் உண்மையில் கர்த்தாவே. அங்ஙனம் இல்லையேல், இதனைச் செய், இதனைச் செய்யாதே என்று சாஸ்திரம் விதிப்பதும் விலக்குவதும் வீணாகும். ஆனால் அக்கர்த்திருத்வம் பரமாத்மாவைச் சார்ந்தது. ஜீவன் முதலில் முயல்கிறான். உள்ளே உறைகின்ற ஈசுவரன் அனுமதி அளித்து அதனை நடத்துகிறான்.

இதற்கு அவர் காட்டும் உதாரணம் எளிதில் விளங்குவது. இருவருக்குப் பொதுவான சொத்து ஒன்று உள்ளது. ஒருவன் அதனைப் பிறனுக்குக் கொடுக்க விரும்பினால் பங்காளியின் சம்மதம் இன்றி இயலாது. ஆயினும் அச்சம்மதத்தை நாடிப் பெற்றவன் அவனே ஆதலால் அதன் பலனும் அவனையே சேரும். கூட்டுப் பட்டா நிலத்தை அனுபவிக்கும் குடும்பத்தார் எவருக்கும் இது புரியும். எல்லாம் பெருமாள் செயல் என்று கூறித் தன் குற்றத்தை அவன்மேல் ஏற்றுவதற்கு எம்பெருமானார் தரிசனத்தில் இடமில்லை. எல்லாம் என் செயல் என்று செருக்குறுவதற்கும் இடமில்லை.

அங்ஙனமாயின் ஈசுவரனுக்கு அடிமையாய் இருப்பது சுதந்திரத்துக்கு முரண் ஆகாதோ என்ற ஐயம் எழும். பிறருக்கு ஊழியம் செய்தல் துன்பம் என்று உலகமும் கூறும், தர்மசாஸ்திரமும் கூறும். இந்த ஆக்ஷேபத்தை வேதார்த்தஸங்கிரஹத்தில் அவரே எழுப்பி விடையளித்தார். உடலையே ஆத்மா என்று எண்ணுபவனுக்குத் தன்விருப்பம் போல் திரிவது இன்பமாகவும் பிறருக்குத் தொண்டு செய்வது துன்பமாகவும் தோன்றும். உயிரின் இயல்பு பரம்பொருளுக்கு உரியதாய் இருப்பதே என்று அறிந்தவனுக்கோ அத்தொண்டு ஆனந்தமே வடிவானது. வேண்டாத யஜமானனிடம் கட்டுண்டு செய்வது அடிமைத்தனம். அன்பினால் செய்வது கைங்கரியம். பெற்ற குழந்தைக்காக இரவெல்லாம் விழித்திருக்கும் தாய் தன்னை அடிமை என்று எண்ணுவதில்லை.

அன்பு அறிவுக்குப் பகை அன்று என்பதும் அவர் கொள்கை. இடையறாத நினைவு முதிர்ந்து, நினைக்கப்படும் பொருளின்றித் தரிக்கவொண்ணாத நிலையை எய்தும்போது அந்த ஞானமே பக்தி ஆகின்றது. இவ்வன்பு ஒருபக்கத்து அன்பும் அன்று. பக்தன் பகவானைப் பிரிந்து தரிக்க மாட்டாதது போலவே பகவானும் தன் பக்தனைப் பிரிந்து தரிக்க மாட்டான் என்று கீதாபாஷ்யத்தில் அவர் பொருள் அருளினார்.

இக்கொள்கை உறங்காவில்லி தாஸர் வாழ்வில் பலித்தது. உறையூரில் வாழ்ந்த மல்லராகிய அவர், மனைவி பொன்னாச்சியின் கண்ணழகில் மயங்கி, வெயில் படாமல் குடைபிடித்து அவள் முகம் பார்த்துப் பின்னோக்கி நடந்தார். கண்டவர் நகைத்தனர். எம்பெருமானார் நகைக்கவில்லை, ஒரு பொருளில் இத்துணை அன்பு வைக்க வல்ல நெஞ்சு வீணாகலாகாது என்று திருவுள்ளம் பற்றினார். அவரை அழைத்துச் சென்று அரங்கனின் திருக்கண்களைச் சேவிக்கச் செய்தார். மல்லர் அக்கண்ணழகில் தோற்றார். கணவனும் மனைவியும் அடியார் ஆயினர். அவர்கள் இல்லறத்தை எம்பெருமானார் துறக்கச் சொல்லவில்லை. அன்புக்குரிய இடத்தையே காட்டினார். காவிரியில் நீராடியபின் அந்த மல்லரின் தோளைப் பற்றியே மடத்துக்கு எழுந்தருளினார். நீராடிய பின் இதுவோ முறை என்று சிலர் முணுமுணுத்தனர்.

முணுமுணுத்தவர்களுக்கு அவர் வாதத்தால் விடை கூறவில்லை. உலர்த்தியிருந்த அவர்களுடைய வேஷ்டிகளில் சிறிது கிழித்துவைக்கச் செய்தார். காலையில் அவர்கள் ஒருவரையொருவர் ஏசிப் பெருங்கலகம் விளைத்தனர். பின்னொரு நாள் தாஸரை மடத்தில் இருத்திவைத்து, அவர் வீட்டில் துயிலும் பொன்னாச்சியின் நகைகளைக் கவர்ந்துவர அதே சீடர்களை அனுப்பினார். அந்த அம்மையார் விழித்திருந்தும் உறங்குவார் போலக் கிடந்து ஒரு பக்கத்து நகைகளைக் கொள்ள விட்டார். மறுபக்கத்தனவும் இவர்களுக்கு உதவட்டும் என்று புரண்டு படுத்தார். வந்தவர்கள் அஞ்சி ஓடினர். இல்லம் திரும்பிய தாஸர் இதனைக் கேட்டு வருந்தினார். கொடுப்பவள் நான் என்ற எண்ணம் வந்தமையால்தானே புரண்டாய், அசையாதிருந்தால் அவர்களே கொண்டிருப்பார்களே என்பது அவர் குறை. கேட்டு நின்ற சீடர்கள் தலைகுனிந்தனர். சாண் துணிக்காகச் சண்டையிட்டவர் யார், கொடுத்தேன் என்ற எண்ணத்தையும் குற்றமாகக் கண்டவர் யார் என்பதை எவரும் எடுத்துக் கூற வேண்டியிருக்கவில்லை.

சமூக வாழ்வில் எம்பெருமானார் கண்ட தடைகள் எளியன அல்ல. ஆளவந்தாரின் சீடரும் தாழ்த்தப்பட்ட குலத்தில் தோன்றியவருமான மாறனேரி நம்பி பரமபதித்தபோது பெரிய நம்பியே ஈமக் கிரியைகளைச் செய்தார். ஊரார் அவரை விலக்கினர். எம்பெருமானார் அதுபற்றி வினவியபோது, பறவையாகிய ஜடாயுவுக்குச் சக்கரவர்த்தித் திருமகன் செய்ததைத் தாம் செய்யலாகாதோ என்று பெரிய நம்பி கேட்டார். அந்த விடையை உலகம் கேட்கவேண்டும் என்றே எம்பெருமானார் வினவினார் என்பர் பெரியோர்.

சோழ மன்னன் ஒருவனால் துன்பம் நேர்ந்தபோது கூரத்தாழ்வான் ஆசாரியரின் காவியுடையைத் தாம் அணிந்து அரசவை புகுந்து, தம் கண்களை இழந்தார். இத்துன்பத்திற்குக் காரணமாயிருந்தவன் நாலூரான். பின்னர்க் காஞ்சி வரதனிடம் வரம் வேண்ட நேர்ந்தபோது, தமக்குக் கிட்டும் பேறு நாலூரானுக்கும் கிட்டவேண்டும் என்றே ஆழ்வான் வேண்டினார். எம்பெருமானாரிடம் கற்ற அன்பின் எல்லை இதுவே.

அக்காலத்தில் மேல்நாடு எழுந்தருளிய எம்பெருமானார் ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் ஆதரவுடன் மேல்கோட்டையில் திருநாராயணபுரத்தை விளங்கச் செய்தார். செல்வப்பிள்ளையை மீட்டுவரும் வழியில் உதவிய தீண்டத்தகாதார் எனப்பட்ட மக்களுக்குத் திருக்குலத்தார் என்று பெயர் சூட்டி, ஆண்டில் மூன்று நாள் அவர்கள் கோயிலுக்குள் புகுந்து சேவிக்கும் உரிமையை ஏற்படுத்தினார் என்பது அவ்வூர் மரபு. பெருமாளைப் பிரியமாட்டாமல் பின்தொடர்ந்து வந்த முகமதிய அரசகுமாரி அங்கே பீபீ நாச்சியாராகப் பூஜிக்கப்படுகிறாள்.

உண்மையை மறைத்துப் புகழ்தல் பெரியோருக்குப் பெருமை சேர்ப்பதன்று. ஸ்ரீபாஷ்யத்தில் வேதம் ஓதி உபாஸிக்கும் அதிகாரத்தை அவர் சாஸ்திர மரபின்படியே மேல் மூன்று வருணத்தாரோடு நிறுத்தினார். சரணாகதிக்கோ எல்லாருமே அதிகாரிகள் என்பது அவர் வழிவந்த ஸம்பிரதாயத்தின் துணிபு. ஒரு வாசல் மூடியிருந்த காலத்தில் மற்றொரு வாசலைத் திறந்துவைத்தார். அந்த மூன்று நாள் எல்லா நாளாவதற்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் சென்றன. தமிழகத்தில் 1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் மதுரை மீனாட்சி அம்மன் கோயிலில் ஆலயப்பிரவேசம் நிகழ்ந்தது. 1947இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் சட்டம் வந்தது. இத்தாமதத்திற்கு எம்பெருமானார் பொறுப்பல்லர். அவர் பெயரைச் சொல்லிக்கொண்டே அவர் வழியில் நடவாதவர்களே பொறுப்பு.

திருநெல்வேலிச் சீமையில் அவருக்கு நேர்ந்த நிகழ்ச்சி ஒன்று இவ்வனைத்துக்கும் சிகரம். நவதிருப்பதிகளுள் ஒன்றான திருக்கோளூருக்குள் அவர் எழுந்தருளும்போது அவ்வூர்ப் பெண்பிள்ளை ஒருத்தி மூட்டையுடன் வெளியேறிக்கொண்டிருந்தாள். எல்லாரும் புகும் ஊர் உனக்கு மட்டும் புறப்படும் ஊராயிற்றோ என்று எம்பெருமானார் வினவினார். அடியார்கள் எண்பத்தொருவர் செய்த அருஞ்செயல்களை ஒவ்வொன்றாக எடுத்துரைத்து, அவற்றுள் ஒன்றையும் செய்யாத தான் இங்கே இருந்தென்ன, போயென்ன என்று அவள் விண்ணப்பித்தாள். வேதாந்த பாஷ்யம் இயற்றிய ஆசாரியர் வழியில் நின்று ஒரு சாதாரணப் பெண்ணின் சொல்லை முழுவதும் கேட்டார். பின் அவளை ஊருக்குள் அழைத்துச் சென்று அவள் இல்லத்தில் அவள் சமைத்ததை அமுது செய்தார். காஞ்சியில் தம் இல்லத்தில் நிறைவேறாத விருப்பம் ஒன்று திருக்கோளூரில் ஏழைப்பெண் வீட்டில் நிறைவேறியது போலும்.

1137ஆம் ஆண்டு மாசி சுக்ல தசமியில், நூற்றிருபது பிராயத்தில் அவர் திருவரங்கத்தில் பரமபதித்தார். அங்கே தானான திருமேனியாகவும், ஸ்ரீபெரும்பூதூரில் தான் உகந்த திருமேனியாகவும், திருநாராயணபுரத்தில் தமர் உகந்த திருமேனியாகவும் இன்றும் சேவை சாதிக்கிறார். அவருடைய ஆயிரமாவது திருநக்ஷத்திரம் 2017இல் எங்கும் கொண்டாடப்பெற்றது.

திருவிழாக் கூட்டத்தில் முன்னே நிற்பவர் தலை மறைக்கிறதென்று முகம் சுளிப்பதும், அருகில் நிற்கும் முதியவருக்கு வழிவிட்டு ஒதுங்குவதும் அவரவர் கையில் உள்ளவை. பெருமாள் இரண்டுக்கும் அனுமதி அளிப்பான். தெரிந்தெடுப்பது மட்டும் சேவிப்பவருடையது. அந்த ஒரு கணத்தில் திருக்கோட்டியூரையும் திருக்கோளூரையும் நினைப்பவர்க்கு யாத்திரை பலித்ததாகும்.

எம்பெருமானார் திருவடிகளே சரணம்.