ஆடுகளமும் போர்க்களமும்

இங்கிலாந்தின் தென்கிழக்குக் கடற்கரையில் அமைந்த ஃபோக்ஸ்டன் நகரில், 1888ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் வால்டர் டல் பிறந்தார். தந்தை டேனியல், பார்படோஸ் தீவிலிருந்து வந்து குடியேறிய தச்சர்; அடிமையாக வாழ்ந்தவரின் மகன். தாய் ஆலிஸ், கென்ட் பகுதியைச் சேர்ந்த ஆங்கிலேயப் பெண்மணி. ஏழு வயதில் தாயையும் ஒன்பது வயதில் தந்தையையும் வால்டர் இழந்தார். அத்தனை பிள்ளைகளையும் வளர்க்கச் சிற்றன்னையால் இயலவில்லை. எனவே, வால்டரும் அண்ணன் எட்வர்டும் இலண்டனில் மெதடிஸ்ட் திருச்சபையினர் நடத்திய ஆதரவற்றோர் இல்லத்தில் சேர்க்கப்பட்டனர். சில ஆண்டுகளில் கிளாஸ்கோ நகரக் குடும்பம் ஒன்று எட்வர்டைத் தத்தெடுத்தது. பிற்காலத்தில் அவர் பல் மருத்துவரானார். வால்டரோ இல்லத்திலேயே தங்கி அச்சுத்தொழில் பயின்றார். இல்லத்தின் கால்பந்து அணியிலும் ஆடினார்.

1908இல் கிளாப்டன் கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அப்பருவத்தில் அக்கழகம் மூன்று கோப்பைகளை வென்றது. மறு ஆண்டே புகழ்பெற்ற டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் கழகம் அவரை ஒப்பந்தம் செய்தது. அர்ஜென்டினா, உருகுவே நாடுகளுக்கு அணியுடன் சென்று வந்த வால்டர், இங்கிலாந்தின் முதல்நிலைப் போட்டிகளில் களமிறங்கினார். அங்கு ஆடிய கறுப்பின வீரர்கள் அன்று மிக அரியர்.

1909 அக்டோபரில் பிரிஸ்டல் நகரில் நடந்த ஆட்டம் அவர் வாழ்வைத் திருப்பியது. பார்வையாளருள் ஒரு பகுதியினர் அவரது நிறத்தைச் சுட்டி இழிசொற்களைப் பொழிந்தனர். அவர் நிலைகுலையவில்லை, அன்று களத்தில் சிறந்து விளங்கியவர் அவரே என்று செய்தியாளர் ஒருவர் எழுதினார். ஆயினும், விரைவிலேயே அவர் முதல் அணியிலிருந்து விலக்கப்பட்டு இரண்டாம் அணிக்கு அனுப்பப்பட்டார். இழிமொழி பேசியவர்கள் ஒரு புறமிருக்க, வாய்ப்பை இழந்தவர் வால்டர்! டாட்டன்ஹாம் முதல் அணிக்காக முதல்நிலைப் போட்டிகளில் அவர் ஆடியவை பத்து ஆட்டங்களே.

1911இல் நார்தாம்ப்டன் டவுன் கழகம் அவரை ஏற்றது. அதன் மேலாளர் ஹெர்பர்ட் சாப்மன், திறமை ஒன்றையே நோக்கியவர். அங்கு வால்டர் நூறு ஆட்டங்களுக்குமேல் ஆடி, மக்களின் அன்பைப் பெற்றார்.

முதல் உலகப்போர் மூண்டதும், 1914 டிசம்பரில், கால்பந்து வீரர்களைக் கொண்டு அமைக்கப்பட்ட படைப்பிரிவில் அவர் சேர்ந்தார். சோம் போரில் பங்கேற்றார். ஐரோப்பியர் அல்லாத மரபினர் அதிகாரியாகி ஆணையிடுவதை அன்றைய படைச்சட்டக் கையேடு தடுத்தது. எனினும், மேலதிகாரிகளின் பரிந்துரையால் ஸ்காட்லாந்தில் பயிற்சி பெற்று, 1917 மே 30 அன்று அவர் இரண்டாம் லெப்டினன்ட் ஆனார். தமக்குக் கீழிருந்த வெள்ளையர்களைப் போரில் வழிநடத்தினார். இத்தாலியில் உறையவைக்கும் பியாவே ஆற்றைக் கடந்து, பகைவர் பகுதிக்குள் வீரர்களை இட்டுச்சென்று, ஒருவரையும் இழவாமல் மீட்டுவந்தார். அவரது துணிவையும் பதறாமையையும் படைத்தலைவர் எழுத்தில் பாராட்டினார்.

1918 மார்ச் 25 அன்று, பிரான்சின் ஃபாவ்ரெய் சிற்றூர் அருகே குண்டடிபட்டு வால்டர் வீழ்ந்தார். அப்போது அவருக்கு வயது 29. குண்டுமழைக்கிடையே அவரது உடலைச் சுமந்துவர அவருடைய வீரர்கள் முயன்றனர், முடியவில்லை. கல்லறை இல்லாத ஏறத்தாழ 35,000 பேரின் பெயர்களுடன் அவர் பெயரும் அராஸ் நினைவுச்சின்னத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. நார்தாம்ப்டன் விளையாட்டரங்கின் அருகே 1999இல் அவருக்கு நினைவுச்சுவர் எழுப்பப்பட்டது. அவ்வரங்கை அடுத்த சாலை இன்று அவர் பெயரால் வழங்குகிறது.