காட்டைக் கற்ற கார்பெட்

புலிக்கு அஞ்சாதவர் உலகில் பலர் உண்டு; புலியை அறிந்தவர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் ஜிம் கார்பெட். மனிதரைத் தின்னும் புலிகளைத் தேடிப் பல ஆண்டுகள் அவர் காட்டில் தனியே நடந்தார். ஆயினும் எண்பதாம் வயதை எட்டும் காலம் வரை வாழ்ந்தார். அவரைக் காத்தவை எவை என்பதை அவருடைய வரலாறு காட்டும்.

இமயமலைச் சாரலில், இன்றைய உத்தரகண்ட மாநிலத்தைச் சேர்ந்த நைனிதாலில், 1875ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 25ஆம் நாள் கார்பெட் பிறந்தார். தந்தையார் அவ்வூரின் அஞ்சல் அலுவலர். மகனுக்கு ஆறு வயது நிரம்புமுன்பே அவர் மறைந்தார். தாயார் பெரிய குடும்பத்தைப் பொறுப்புடன் பேணி வளர்த்தார். குளிர்காலத்தில் அக்குடும்பம் மலையடிவாரத்துச் சிற்றூராகிய காலாதுங்கியில் தங்குவது வழக்கம். அவ்வூரைச் சூழ்ந்த காடே சிறுவன் ஜிம்முக்கு இரண்டாம் பள்ளியாயிற்று. மூத்த தமையன் டாமும், வேட்டையில் தேர்ந்த குன்வர் சிங் என்பவரும் அப்பள்ளியின் ஆசிரியர்கள். ஓசையின்றி நடப்பதும், தரையில் பதிந்த அடிச்சுவடு எவ்விலங்கினுடையது, எப்போது பதிந்தது என்று உணர்வதும் அவன் பயின்ற பாடங்கள்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் கார்பெட் புகைவண்டித் துறையில் பணியேற்றார். கங்கைக் கரையிலுள்ள மொகாமா காட்டில் சரக்குகளை ஏற்றி இறக்கும் பணியை இருபது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார். அக்காலத்திலேதான், 1907ஆம் ஆண்டில், சம்பாவதிப் புலியை ஒழிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. அப்பெண்புலி நேபாளத்திலும் குமாவோன் மலைநாட்டிலுமாக 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்டது. மக்கள் வீட்டுக் கதவைத் திறக்கவும் அஞ்சினர்.

கார்பெட் இரண்டு நிபந்தனைகளுடன் அப்பணியை ஏற்றார். புலியின் தலைக்கு அறிவித்த பரிசை நீக்க வேண்டும். அங்குள்ள மற்ற வேட்டைக்காரர்களைத் திரும்ப அழைக்க வேண்டும். பரிசுக்காக வேட்டையாடுபவர் என்று கருதப்படுவதை அவர் விரும்பவில்லை. புதர் அசைந்தவுடன் சுடுவோர் நடமாடும் காட்டில், புலியினும் துப்பாக்கியே பெரிய ஆபத்து என்பதையும் அவர் அறிந்திருந்தார்.

முதல் இரவில் நிலவொளியில் ஒரு மரத்தடியில் அமர்ந்து காவல் இருந்தார். அச்சம் அவரை வாட்டியது. அதைப் பிற்காலத்தில் அவர் மறைக்கவில்லை. அச்சத்தை மறுப்பவன் கவனத்தை இழப்பான். அதை ஒப்புக்கொள்பவன் எச்சரிக்கை அடைவான். சில நாள்களில் அப்புலி அவருடைய குண்டுக்கு இரையாயிற்று. அதன் வாயை ஆராய்ந்தபோது, வலப்பக்கத்துக் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருக்கக் கண்டார். முன்னர் யாரோ சுட்ட குண்டினால் நேர்ந்த ஊனம் அது. இயல்பான இரையைப் பிடிக்க இயலாமையால் அப்புலி மனிதரை நாடியது. குறி தவறிச் சுட்டவர் தம் வழியே போய்விட்டார். அதன் விலையைக் கொடுத்தவர்கள் விறகொடிக்கவும் புல்லறுக்கவும் சென்ற ஏழை மக்கள்.

ஆட்கொல்லியைத் தேடும்போது பெரும்பாலும் தனியே செல்வதையே கார்பெட் விரும்பினார். ஆயினும் அவர் கண்ணை மூடிக்கொண்டு துணிந்தவரல்லர். காற்றின் திசையை எப்போதும் கவனித்தார். மனிதனுக்கு மோப்பம் குறைவு என்பதைப் புலி அறியாது. ஆதலின் மானை அணுகுவது போலவே, தன் மணம் எட்டாத பக்கமாக மனிதனையும் அணுகும். காற்றை எதிர்த்து நடப்பவனுக்கு ஆபத்து முதுகுப்புறத்தில் இருக்கும். ஆகவே அவர் நேரே செல்லாமல், இடமும் வலமுமாக மாறி மாறிக் குறுக்கே நடந்தார்; ஆபத்து வரக்கூடிய பக்கம் கண்ணுக்கு எட்டியவாறு இருந்தது. கேளையாட்டின் குரைப்பும், முசுக்குரங்கின் கூச்சலும், பறவைகளின் கலக்கமும் புலி இருக்குமிடத்தை அவருக்கு உணர்த்தின.

1930ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் சௌகட் பகுதியில் நேர்ந்த நிகழ்ச்சி குறிப்பிடத்தக்கது. வழியில் கண்ட பக்கிப் பறவையின் முட்டைகள் இரண்டை இடக்கையில் ஏந்தியவாறு கார்பெட் ஓர் ஓடைப் பள்ளத்தில் இறங்கினார். ஒரு பாறையைக் கடந்து வலத்தோளின் மேலாகத் திரும்பிப் பார்த்தார். எட்டடித் தொலைவில், பாய்வதற்குப் பதுங்கிய பெண்புலியின் முகம் தெரிந்தது! முட்டை ஏந்திய கையால் துப்பாக்கியைத் தாங்க இயலாது; விரைந்து திரும்பவும் இயலவில்லை. வலக்கை ஒன்றாலேயே துப்பாக்கியைச் சிறிது சிறிதாகத் திருப்பினார். புலியின் பார்வை அவர் பார்வையை விட்டு அகலவில்லை. ஒரே குண்டில் அது வீழ்ந்தது. சட்டென்று திரும்பியிருந்தால் புலி பாய்ந்திருக்கும். முட்டைகள் தந்த தடையே தம்மைக் காத்தது என்று அவர் கருதினார். பின்னர் அம்முட்டைகளை எடுத்த இடத்திலேயே வைத்தார்.

காலப்போக்கில் அவர் மனம் வேட்டையிலிருந்து காப்பின் பக்கம் திரும்பியது. துப்பாக்கியை விடுத்துப் படமெடுக்கும் கருவியை ஏந்தினார். 1936ஆம் ஆண்டில் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா குமாவோன் அடிவாரத்தில் அமையத் துணைநின்றார். 1947இல் தமக்கை மேகியுடன் கென்யா நாட்டிற்குக் குடிபெயர்ந்தார். 1955ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் அங்கே காலமானார். அவர் மறைந்தபின் அப்பூங்கா அவர் பெயரைப் பெற்றது. புலிகளைக் காக்கும் தேசியத் திட்டமும் 1973இல் அப்பூங்காவிலேயே தொடங்கப்பெற்றது.

புலிவேட்டை இன்று சட்டத்தால் விலக்கப்பட்டது. எனினும் கார்பெட் கற்ற பாடம் பழமையடையவில்லை. கையிலுள்ள கருவி ஒருவனை ஓரளவே காக்கும். கூர்ந்த கவனமும், தளராத பொறுமையும், பிற உயிர்களின் இயல்பை அறியும் அறிவுமே அவனை முழுவதும் காப்பன.