ஷேக் சின்ன மௌலானா: இரு ஊர்களுக்கும் சொந்தமான நாதஸ்வரம்

கல்முனையில் எங்கள் வீட்டுக்கு வடக்கே பாண்டிருப்பு. திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பு நாட்களில் அங்கிருந்து காற்றோடு வரும் மேளச்சத்தம் கேட்டு வளர்ந்தவன் நான். அந்த நாதஸ்வரத்தில் பெரும்பேர் எடுத்த ஒருவர் நம்மைப் போல முஸ்லிம் என்று வாப்பா சொன்னபோது நான் நம்பவில்லை.

அவர்தான் ஷேக் சின்ன மௌலானா. 1924 இல் ஆந்திராவின் கரவாடியில் பிறந்தார். தலைமுறை தலைமுறையாகக் கோயில்களில் நாதஸ்வரம் வாசித்த முஸ்லிம் குடும்பம் அது. முதற் குரு தந்தை காசிம் சாகிப். பின்னர் தஞ்சாவூர்ப் பாணியின் மீதிருந்த மோகம் அவரைத் தமிழ்நாட்டுக்கு இழுத்தது. நாச்சியார்கோயில் இராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் பாடம் கேட்டார். தாய்மொழி வேறு, மார்க்கம் வேறு. ஆனாலும் கோயில் நகரமான ஸ்ரீரங்கத்திலேயே குடியமர்ந்தார். இறுதிவரை முஸ்லிமாகவே வாழ்ந்தார்.

1977 இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1982 இல் ஸ்ரீரங்கத்தில் சாரதா நாதஸ்வர சங்கீத ஆச்சிரமத்தைத் தொடங்கினார். மகளின் பிள்ளைகளான காசிமும் பாபுவும் அவரிடம் பயின்று அவரோடு மேடையேறினார்கள். ஆண்களின் வாத்தியம் என்றே கருதப்பட்ட நாதஸ்வரத்தை காலீஷாபி என்ற முஸ்லிம் பெண்ணுக்கும் கற்பித்தார். அவரும் கணவர் ஷேக் மஹபூப் சுபானியும் 2020 ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ பெற்றார்கள்.

1990 இல் எங்கள் கரையோரத்தில் தமிழரும் முஸ்லிம்களும் உயிர்களை இழந்தோம். அதன் பிறகு நெடுங்காலம் பக்கத்து ஊர் தூரதேசமானது. மேளச்சத்தம் கேட்டால் யன்னலைச் சாத்திய வீடுகள் எங்கள் பக்கம் இருந்தன. பாங்குச் சத்தத்துக்கு முகம் சுளித்த வீடுகள் அந்தப் பக்கமும் இருந்திருக்கும். அதே ஆண்டுகளில் ஸ்ரீரங்கத்தில் ஒரு முதியவர் தொழுகையையும் விடாமல், நாதஸ்வரத்தையும் விடாமல் வாழ்ந்துகொண்டிருந்தார்.

1998 இல் சென்னை மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருது வழங்கியது. மறு வருடம் ஏப்ரல் 13 இல், சித்திரைப் புத்தாண்டுக்கு முதல்நாள், காலமானார். பேரன்மார் இன்றும் அந்த வாசிப்பைத் தொடர்கிறார்கள்.

வாப்பாவும் இப்போது இல்லை. தீமிதிப்பு வந்தால் நான் வடக்குப் பக்க யன்னலைத் திறந்து வைக்கிறேன்.