லண்டனில் முதல் இந்திய உணவகம்... 2 ஆண்டில் திவால்! யார் இந்த ஷேக் தீன் முகமது?

லண்டனில் போர்ட்மேன் சதுக்கத்துக்குப் பக்கத்தில் ஜார்ஜ் தெரு என்று ஒரு தெரு. அங்கே ஒரு கட்டடச் சுவரில் பச்சை நிற வட்டப் பலகை இருக்கும். 1810-ல் ‘ஹிந்துஸ்தானி காபி ஹவுஸ்’ இருந்த இடம் இது என்று சொல்கிற பலகை. பெயர்தான் காபி ஹவுஸ். ஆட்கள் வந்தது கறிக்கும் சோற்றுக்கும் ஹூக்காவுக்கும். லண்டனில் இந்தியர் ஒருவர் சொந்தமாகத் திறந்த முதல் உணவகம் என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

முதலாளி ஷேக் தீன் முகமது. 1759-ல் பாட்னாவில் பிறந்தவர். அப்பா கிழக்கிந்திய கம்பெனியின் வங்காளப் படையில் இருந்தவர். பையனுக்குப் பத்து வயசு இருக்கும்போதே சண்டையில் இறந்துபோனார். அதன்பின் காட்ஃப்ரே பேக்கர் என்ற அயர்லாந்து அதிகாரியோடு முகமது ஒட்டிக்கொண்டார். படையில் சுபேதார் வரை உயர்ந்தார். பேக்கர் வேலையை விட்டபோது இவரும் விட்டார். 1784-ல் இருவரும் அயர்லாந்தின் கார்க் நகரில் போய் இறங்கினார்கள்.

அங்கேதான் ஆங்கிலத்தை மெருகேற்றிக்கொண்டார். ஜேன் டேலி என்ற பெண்ணை ஊரை விட்டு அழைத்துப்போய் 1786-ல் கல்யாணம் செய்துகொண்டார். 1794-ல் தன் பயணங்களைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட முதல் புத்தகம் அது. அச்சிடக் காசு? வசதியானவர்களிடம் முன்கூட்டியே சந்தா வாங்கினார். 300 பேருக்கு மேல் சேர்ந்தார்கள். ஒருவகையில் அவருடைய முதல் வியாபாரமே அதுதான்.

1807 வாக்கில் குடும்பத்தோடு லண்டன் வந்தார். அங்கே பேசில் காக்ரேன் என்பவரிடம் வேலை. இந்தக் காக்ரேன் நம்ம மெட்ராஸில் பணம் சேர்த்தவர். ஆங்கிலேயக் கடற்படைக்கு உணவுப்பொருள் சப்ளை செய்யும் ஒப்பந்தக்காரராக இருந்தவர். ஊர் திரும்பி, போர்ட்மேன் சதுக்கத்தில் இருந்த தன் மாளிகையில் நீராவிக் குளியல் வைத்திருந்தார். முகமதுக்கு அங்கே கிடைத்த அனுபவம் பிற்பாடு கைகொடுத்தது. ஆனா அவர் முதலில் போனது சமையல் பக்கம்.

கடை ஏன் ஓடவில்லை?

சாப்பாடு சரியில்லை என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. மூங்கில் நாற்காலி, சுவரில் இந்தியக் காட்சிகளின் ஓவியங்கள், ஹூக்காவுக்குத் தனி அறை என்று செலவழித்துத்தான் செய்திருந்தார். பிரச்சினை வாடிக்கையாளரில். இந்தியாவில் இருந்து பணத்தோடு திரும்பிய கம்பெனி அதிகாரிகள் அந்தப் பகுதியில் நிறையப் பேர் குடியிருந்தார்கள். அவர்களை நம்பித்தான் அங்கே கடை போட்டார். ஆனால் அவர்களில் பலர் வீட்டிலேயே கறி சமைக்க ஆள் வைத்திருந்தார்கள். இந்திய வியாபாரத்தில் இருந்தவர்களோ லண்டனின் வணிகப் பகுதியில், ஜெருசலேம் காபி ஹவுஸ் போன்ற இடங்களில் கூடினார்கள். போதாததற்கு, கறி லண்டனுக்குப் புதுசும் இல்லை. ஹேமார்க்கெட் பக்கம் ஒரு காபி ஹவுஸில் 1773-லேயே கறி விற்றார்கள்.

கூட்டாளி ஒருவரைச் சேர்த்துப் பார்த்தார். தாங்கவில்லை. 1812-ல் திவால். கடன்காரர்களுக்குப் போனது போக மிச்சம் எதுவும் இல்லை. 53 வயதில், அரசல்புரசலாக அல்ல, பத்திரிகையிலேயே விளம்பரம் கொடுத்து வீட்டு வேலை தேடினார். முதலாளியாக இருந்தவருக்கு அந்த விளம்பரம் எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

பிரைட்டனில் இரண்டாவது இன்னிங்ஸ்

1814-ல் பிரைட்டன் கடற்கரை நகருக்குப் போனார். இளவரசரே வந்து தங்கும் ஊர் என்பதால் காசுள்ளவர்கள் மொய்த்தார்கள். அங்கே மூலிகை போட்ட நீராவிக் குளியலும் ‘ஷாம்பூயிங்’கும் தொடங்கினார். நாம் இன்று தலைக்குப் போடும் ஷாம்பு இல்லை இது; உடம்பைப் பிடித்துவிடும் மசாஜ். நோயாளியை ஃபிளானல் துணிக் கூடாரத்துக்குள் ஆவியில் உட்காரவைத்து, துணியின் வழியாகக் கையை விட்டுப் பிடித்துவிடுவார்கள்.

முதலில் யாரும் நம்பவில்லை. அதனால் சிலருக்குக் காசு வாங்காமல் வைத்தியம் பார்த்தார். குணமானவர்கள் விட்டுப்போன ஊன்றுகோல்களைக் கடையில் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி மாட்டிவைத்தார். பெண்கள் பகுதியை ஜேன் கவனித்தார். 1820-களில் கடலைப் பார்த்த பெரிய கட்டடத்தில் தொழில் நடந்தது. நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் என்று இரண்டு மன்னர்களுக்கு அரசாங்க ஷாம்பூயிங் மருத்துவர் என்ற பட்டமும் கிடைத்தது.

இதில் ஒரு நெருடல் உண்டு. 1822-ல் வெளியிட்ட தன் வைத்தியப் புத்தகத்தில் தான் 1749-ல் பிறந்ததாக எழுதிக்கொண்டார். படையில் சேரும் முன் வைத்தியம் படித்ததாகக் காட்ட அந்தப் பத்து வருஷம் தேவைப்பட்டது. பொய்தான். வெளிநாட்டுக்காரர் என்பதாலேயே ஆட்கள் ஆர்வமாக வந்தார்கள், அதனாலேயே சந்தேகமும் பட்டார்கள். டாக்டர்கள் ஏளனம் செய்தார்கள். இன்னொரு பக்கம், போட்டிக்காரர்கள் அதே குளியலைக் காப்பியடித்துக் கடை திறந்தார்கள்.

கடைசியில் காலை வாரியது வைத்தியம் அல்ல, கட்டடம். அது அவருடைய பெயரில் இல்லை. பணம் போட்டவர் வேறு ஒருவர். அவர் இறந்ததும் 1840-களின் தொடக்கத்தில் கட்டடம் ஏலத்துக்கு வந்தது. அதை எடுக்க முகமதுவிடம் பணம் இல்லை. சின்ன இடத்துக்கு மாறினார். விக்டோரியா காலத்தில் அரண்மனை ஆதரவும் நின்றுபோயிருந்தது. பழைய கூட்டம் திரும்பவே இல்லை.

1850 டிசம்பரில் ஜேன் இறந்தார். அடுத்த பிப்ரவரி 24-ம் தேதி முகமதுவும் போய்ச் சேர்ந்தார். பிரைட்டனின் செயின்ட் நிக்கோலஸ் தேவாலய வளாகத்தில் புதைத்தார்கள். பேரன் ஃபிரெடரிக் அக்பர் முகமது, லண்டன் கைஸ் மருத்துவமனையில் டாக்டராகி, உயர் ரத்த அழுத்தம் பற்றிய தொடக்ககால ஆய்வுகளால் பெயர் பெற்றார். தாத்தா கடைவைத்த இடத்தில் பலகை வந்தது 2005-ல்தான்.