வலிப்பின் பிறப்பிடம் தேடிய சேர் விக்டர் ஹோர்ஸ்லி

எமது ஹவுன்ஸ்லோவில் பிக்கடில்லிப் பாதைப் புகைவண்டியில் ஏறினால், வண்டி மாறாமலே ரசல் சதுக்க நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து சில நிமிட நடையில் குயின் சதுக்கம். மாணவச் செல்வங்களே, அங்குள்ள நரம்பியல் வைத்தியசாலையில் 1886ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் நடந்த ஒரு சத்திரசிகிச்சையைப் பற்றியும், அதனைச் செய்தவரைப் பற்றியுமே இங்கு எழுதுகின்றோம்.

விக்டர் ஹோர்ஸ்லி 1857இல் இலண்டன் கென்சிங்டனில் பிறந்தவர். தந்தையார் ஓவியர், 1843இல் வெளிவந்த முதலாவது நத்தார் வாழ்த்து மடலை வரைந்தவர் அவரே. மகனோ மருத்துவம் பயின்று, குரங்குகளின் மூளையை மின்னோட்டத்தால் தூண்டி, எப்பகுதி எவ்வுறுப்பை அசைக்கின்றது என ஆராய்ந்தார்.

அதே வைத்தியசாலையில் ஹியூலிங்ஸ் ஜாக்சன் என்னும் மூத்த வைத்தியர் இருந்தார். வலிப்பு சிலருக்குப் பெருவிரலில் தொடங்கிக் கைக்கும் முகத்துக்கும் பரவுவதை அவர் பல்லாண்டுகள் கவனித்தவர். முதலில் துடிக்கும் உறுப்பை அறிந்தால் மூளையில் நோய் பிறக்கும் இடத்தையும் அறியலாம் என்பது அவர் கண்ட முடிவு. எக்ஸ் கதிர் கூடக் கண்டறியப்படாத காலம் அது! அம்முடிவை நம்பி ஹோர்ஸ்லி கத்தியை எடுத்தார். முதல் நோயாளி 22 வயது இளைஞர். சிறுவயதில் வண்டி மோதியதால் மூளையில் உண்டான தழும்பு அகற்றப்பட்டது. இவருக்காவது மண்டையோட்டில் பழங்காயம் வழிகாட்டியது. அடுத்தவரின் வலிப்புப் பெருவிரலில் தொடங்குவது. அவ்விரலுக்குரிய இடத்தைத் திறந்தபோது, அங்கே கட்டியொன்று இருந்தது.

1902இல் அவருக்குச் சேர் பட்டம் கிடைத்தது. மதுவை எதிர்த்தார்; பெண்களின் வாக்குரிமைக்காக வாதாடி அரசியலில் இழப்பையும் ஏற்றார். உலகப்போரில் காயமுற்றோருக்குப் பணிசெய்ய மெசப்பொத்தேமியா சென்று, 1916 யூலையில் வெப்பத்தாக்கத்தால் அமாராவில் மறைந்தார்.

இன்று காந்த அலைப் படங்கள் மூளையின் தழும்பைக் காட்டுகின்றன. ஆயினும், மருந்துகளால் வலிப்பு அடங்காத ஏறத்தாழ மூவரில் ஒருவருள், சத்திரசிகிச்சையால் பயன்பெறத்தக்க பலர் அந்த வாசலை எட்டுவதேயில்லை. பெற்றோரே, அயலவருக்கு மறைப்பது உங்கள் விருப்பம். குடும்ப வைத்தியருக்கு மறைத்தல் தகாது. தகுந்த இரு மருந்துகளாலும் அடங்காவிடின், நிபுணரிடம் அனுப்புமாறு தயங்காது கேளுங்கள்.

இதை வற்புறுத்த எமக்குக் காரணமுண்டு. ஊரில் நாம் ஆசிரியராக இருந்த நாளில், வகுப்பில் ஒரு மாணவன் வலிப்பு வந்து விழுந்தான். கூடியிருந்தோர் சொற்படி அவன் கையில் திறப்புக் கோர்வையைத் திணித்தோம். மறுநாள் முதல் அவன் வரவில்லை. வீட்டார் மறைத்தனர், நாமும் தேடிச் செல்லவில்லை.

குயின் சதுக்கத்தில் பயின்ற வைல்டர் பென்பீல்ட் 1934இல் கனடாவின் மொன்றியலில் நரம்பியல் நிறுவனம் அமைத்தார். அங்கே அவரிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி, 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, 1952இலேயே வலிப்புக்கான சத்திரசிகிச்சையைச் செய்தார். கடலுக்கு அக்கரையில், தமிழ் பேசும் ஊரிலேயே அது நடந்துவந்தது. திறப்பைத் திணித்த அன்று நாம் அதை அறிந்திருக்கவில்லை.